ஏட்டில் ஏறாத கிண்ணங்கள்

கூடைப்பந்து பார்க்கும் நண்பர்கள் நான்கு பேர் மாமாக் கடையில் ஒரு மேசையைப் பிடித்து அமர்ந்தால் போதும், தே தாரிக் ஆறுவதற்குள் மோதிரக் கணக்கு தொடங்கிவிடும். மைக்கேல் ஜோர்டனுக்கு 6, கோபி பிரயண்டுக்கு 5, லெப்ரான் ஜேம்ஸுக்கு 4, ஸ்டெபன் கறிக்கும் 4. அமெரிக்காவின் என்பிஏ போட்டியில் வாகை சூடும் குழுவின் ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கொரு மோதிரம் வழங்குவது வழக்கம். ஆகவே யார் பெரியவர் என்ற வாதம் எப்போதும் விரல்களை எண்ணுவதில்தான் போய் முடியும். அந்த வாதத்தில் யாராவது ஜூலியஸ் எர்விங் என்ற பெயரை எடுத்தால், "அவருக்கு ஒன்றே ஒன்றுதானே?" என்று மற்றவர்கள் வாயை அடைத்துவிடுவார்கள்.

எர்விங் வென்ற பட்டங்கள் மூன்று: 1974, 1976, 1983. முதல் இரண்டையும் அவர் ஏபிஏ என்ற வேறொரு தொழில்முறை லீக்கில் வென்றார். அந்த லீக்கின் நான்கு குழுக்களை 1976இல் என்பிஏ தன்னுள் இழுத்துக்கொண்டது. குழுக்களை எடுத்துக்கொண்டது, ஆட்டக்காரர்களை எடுத்துக்கொண்டது, பின்னாளில் ஆட்ட விதிகளையும் எடுத்துக்கொண்டது. அவர்கள் வென்ற பட்டங்களை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டது. அந்தப் பட்டங்கள் என்பிஏவின் வெற்றியாளர் பட்டியலில் சேர்க்கப்பட வேண்டும் என்பதே என் கருத்து. எங்கோ அமெரிக்காவில் நடக்கும் விவகாரம் நமக்கெதற்கு என்று கேட்பவர்கள் இருக்கலாம். அந்த ஆட்டத்தை விடிகாலையில் எழுந்து பார்க்கிறோம், அந்தக் குழுக்களின் சட்டையைப் போட்டுக்கொண்டு விரிவுரைக்குப் போகிறோம். அதன் கணக்கைக் கேள்வி கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

நான் படித்த தமிழ்ப்பள்ளியில் கூடைப்பந்துக் கம்பமே கிடையாது, காற்பந்தும் ஓட்டப்பந்தயமும்தான். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு சீன நண்பர்கள் வழியாக இந்த ஆட்டம் கைக்கு வந்தது. பிற்பாடு அதன் வரலாற்றைப் படிக்கப் படிக்க, ஆட்டத்தைவிட ஏட்டில்தான் எனக்கு அதிக வியப்பு காத்திருந்தது.

2025ஆம் ஆண்டின் இறுதியாட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஒக்லஹோமா சிட்டி தண்டர் குழுவும் இண்டியானா பேசர்ஸ் குழுவும் ஏழாவது ஆட்டம் வரை மோதின. நம் நாட்டு நேரப்படி ஜூன் 23 காலையில் நடந்த அந்த ஏழாவது ஆட்டத்தில் ஒக்லஹோமா 103-91 என்று வென்றது. இண்டியானாவின் நட்சத்திர ஆட்டக்காரர் டைரிஸ் ஹாலிபர்ட்டன் முதல் கால்பகுதியிலேயே குதிகால் தசைநார் கிழிந்து வெளியேறினார். பார்த்த எவருக்கும் மனம் கனத்திருக்கும். ஆட்டம் முடிந்ததும் பரவலாகச் சொல்லப்பட்டது என்ன? இண்டியானாவுக்கு இன்னும் ஒரு பட்டமும் இல்லை. ஒக்லஹோமாவுக்கு இது இரண்டாவது.

ஒக்லஹோமாவின் முதல் பட்டம் எது என்று தேடினால் 1979 என்று வரும். அந்த ஆண்டில் ஒக்லஹோமா நகரில் என்பிஏ குழுவே இல்லை. 1979இல் வென்றது சியாட்டல் சூப்பர்சோனிக்ஸ். அக்குழுவின் உரிமையாளர்கள் 2008இல் அதை ஒக்லஹோமாவுக்குக் கொண்டுபோனார்கள். பெயரையும் நிறத்தையும் சியாட்டலுக்கே விட்டுவிடுவதாக ஒப்பந்தம். ஆனால் உரிமம் போன இடத்துக்கே பட்டமும் போனதாக லீக்கின் கணக்கு சொல்கிறது. ஒக்லஹோமா ரசிகர்களே 2025ஐத் தங்கள் முதல் பட்டமாகத்தான் கொண்டாடினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு இருந்த நேர்மை ஏட்டுக்கு இல்லை.

தோற்ற இண்டியானாவின் அரங்கிலோ 1970, 1972, 1973 என்று மூன்று வெற்றிப் பதாகைகள் தொங்குகின்றன. அதே நகரம், அதே குழு, அதே பெயர். ஏபிஏவில் வென்றவை என்பதால் என்பிஏ கணக்கில் அவற்றின் மதிப்பு சுழியம். ஆக, தன் ஊரில் ஒருபோதும் ஆடப்படாத பட்டம் ஒரு குழுவுக்கு உண்டு. தன் ஊர் மக்கள் கண்ணெதிரே வென்ற மூன்று பட்டங்கள் இன்னொரு குழுவுக்கு இல்லை. இது என்ன நியாயம்?

இந்தக் கணக்கு தொடக்கத்திலிருந்தே இப்படித்தான். என்பிஏ தன் பட்டியலை 1947இலிருந்து தொடங்குகிறது. ஆனால் 1947இல் என்பிஏ என்ற பெயரே இல்லை. 1946இல் நியூயார்க்கில் பிஏஏ என்ற லீக் தொடங்கப்பட்டது. பெரிய நகரங்களில் பனிவளைகோல் அரங்குகளை வைத்திருந்தவர்கள், அரங்கு காலியாகக் கிடக்கும் இரவுகளில் கூட்டம் சேர்க்க ஆரம்பித்த லீக் அது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1937இல், என்பிஎல் என்ற லீக் தோன்றிவிட்டது. 1949இல் இரண்டும் இணைந்து என்பிஏ என்ற பெயரைச் சூட்டிக்கொண்டன. இணைந்த பிறகு பிஏஏவின் மூன்று பட்டங்கள் மட்டும் ஏட்டில் ஏறின. என்பிஎல்லின் பன்னிரண்டு பட்டங்கள் ஏறவில்லை.

என்பிஎல் ஏதோ தெருமுனை லீக் என்று நினைத்துவிட வேண்டாம். அதில் ஆடிக்கொண்டிருந்த மினியாபொலிஸ் லேக்கர்ஸ், ராச்செஸ்டர் ராயல்ஸ் உட்பட நான்கு குழுக்களைப் பிஏஏ 1948இல் இழுத்துக்கொண்டது. வந்த வேகத்தில் லேக்கர்ஸ் 1949 பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனது. அதன் பிறகு 1950இல் லேக்கர்ஸ், 1951இல் ராச்செஸ்டர், 1952 முதல் 1954 வரை மறுபடியும் லேக்கர்ஸ், 1955இல் சிரக்கியூஸ் நேஷனல்ஸ். தொடர்ந்து ஏழு ஆண்டுகள் பட்டம் வென்ற அத்தனை குழுக்களும் என்பிஎல்லிலிருந்து வந்தவை! வலிமை எந்தப் பக்கம் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? இந்த லேக்கர்ஸ்தான் 1960இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்த லேக்கர்ஸ். அவர்கள் 1948இல் வென்ற என்பிஎல் பட்டத்தை மட்டும் அவர்களுடைய 17 பட்டங்களில் சேர்ப்பதில்லை.

என்பிஎல்லைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்லியாக வேண்டும், நம் ஊர்க்காரர்களுக்கு அது பிடிக்கும். அதன் முதல் மூன்று பட்டங்களையும் வென்றவை ஒஹாயோ மாநிலத்தின் ஏக்ரன் நகரக் குழுக்கள்: குட்இயர் தொழிற்சாலையின் குழு ஒருமுறை, ஃபயர்ஸ்டோன் தொழிற்சாலையின் குழு இருமுறை. அக்காலத்தில் ஏக்ரன் உலகின் டயர் தலைநகரம். மலாயா ரப்பரை மிக அதிகமாக வாங்கிய நாடு அமெரிக்கா. நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் எழுந்து தோட்டத்தில் பால்மரம் வெட்டிச் சேர்த்த ரப்பரின் ஒரு பங்கு அந்த ஊர்ப் பட்டறைகளுக்குத்தான் போயிருக்கும். வேலை முடிந்த டயர்த் தொழிலாளர்கள் மாலையில் கூடைப்பந்து ஆடினார்கள். லெப்ரான் ஜேம்ஸ், ஸ்டெபன் கறி இருவரும் பிறந்தது அதே ஏக்ரன் நகரில்தான். அவர்களுடைய மோதிரங்களை எண்ணுபவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஊரின் முதல் பட்டங்கள் தெரியும்?

இது வெறும் ஊர்ப்பெருமை என்று ஒதுக்கினாலும், நிறவெறியை ஒதுக்க முடியாது. என்பிஎல்லில் 1942இலேயே கறுப்பின ஆட்டக்காரர்கள் ஆடினார்கள். பிஏஏவில் ஒருவர்கூட இல்லை. என்பிஏ ஆன பின்பும் 1950 வரை இல்லை. அந்த ஆண்டில்தான் ஏர்ல் லாய்ட், சக் கூப்பர், நாட் கிளிஃப்டன் மூவரும் உள்ளே வந்தார்கள். அதற்கு வெகு காலம் முன்பே ஹார்லெமைச் சேர்ந்த நியூயார்க் ரெனசான்ஸ் என்ற முழுக் கறுப்பினக் குழு ஊர் ஊராகப் போய் ஆடி வென்றுகொண்டிருந்தது. 1939இல் சிகாகோவில் நடந்த முதலாவது உலகத் தொழில்முறைப் போட்டியில், என்பிஎல்லின் வலுமிக்க ஆஷ்காஷ் குழுவை இறுதியாட்டத்தில் 34-25 என்று அக்குழு வீழ்த்தியது. அடுத்த ஆண்டு அதே போட்டியை இன்னொரு கறுப்பினக் குழுவான ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் வென்றது. ரெனசான்ஸ் குழு 1948-49 பருவத்தில் ஓஹாயோவின் டேட்டன் நகருக்குப் பெயர்ந்து என்பிஎல்லிலேயே சேர்ந்தது. சில மாதங்களில் இணைப்பு வந்தது. என்பிஏ உருவானபோது அந்தக் குழுவுக்கு இடம் கொடுக்கப்படவில்லை. பட்டியலை 1947 பிஏஏவிலிருந்து தொடங்கும்போது இவை அனைத்தும் தாமாகவே மறைந்துபோகின்றன. வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. மறைந்துவிட்டன, அதைத் திருத்த யாரும் அவசரப்படவுமில்லை.

பிறகு வந்த பாஸ்டன் செல்டிக்ஸ் காலத்தைப் பலரும் அறிவார்கள், நீட்டத் தேவையில்லை. பில் ரசல் 13 பருவங்களில் 11 பட்டம் வென்றார். அவற்றில் 1959 முதல் 1966 வரை தொடர்ந்து எட்டு. கடைசி இரண்டு பட்டங்களை அவர் ஆட்டக்காரராகவும் தலைமைப் பயிற்றுநராகவும் இருந்தே வென்றார். அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்குகளில் அக்காலத்தில் தலைமைப் பயிற்றுநர் பொறுப்பில் ஒரு கறுப்பினத்தவர் அமர்ந்தது பெரிய செய்தி. ரசலை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஆனால் 1957இல் அவர் முதல் பட்டம் வென்றபோது லீக்கில் இருந்தவை 8 குழுக்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி ஏபிஏவுக்கு வருவோம். 1967இல் 11 குழுக்களுடன் தொடங்கிய இந்த லீக்கின் முதல் ஆணையர் ஜோர்ஜ் மைக்கன். வேறு யாருமல்ல, மினியாபொலிஸ் லேக்கர்ஸின் நாயகன். சிவப்பு, வெள்ளை, நீலம் கலந்த பந்து அவர் யோசனை. தொலைவிலிருந்து போட்டால் மூன்று புள்ளி என்ற விதியையும் ஏபிஏ முதல் நாளிலிருந்தே வைத்துக்கொண்டது. என்பிஏ அதை வேடிக்கை வித்தையாகவே பார்த்தது, 1979இல்தான் ஏற்றுக்கொண்டது. இன்று ஸ்டெபன் கறியின் புகழ் முழுவதும் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது.

ஏபிஏவில் ஆடியவர்கள் யார்? என்பிஏ கதவை அடைத்தவர்கள் பலர். கோனி ஹாக்கின்ஸ், ரோஜர் பிரவுன் இருவரும் நியூயார்க்கின் புரூக்ளினில் வளர்ந்த இளைஞர்கள். 1961இல் கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு சூதாட்ட ஊழல் வெடித்தது. அதில் சம்பந்தப்பட்ட ஒருவருடன் பழகினார்கள் என்பதற்காக இவர்கள் இருவரும் கல்லூரியிலிருந்து விலக்கப்பட்டார்கள். என்பிஏவும் தடை விதித்தது. இவர்கள் மீது எந்த வழக்கும் தொடுக்கப்படவில்லை, எந்தக் குற்றமும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஹாக்கின்ஸ் ஏபிஏவின் முதல் பருவத்திலேயே மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையும், பிட்ஸ்பர்க் பைப்பர்ஸ் குழுவுடன் முதல் பட்டத்தையும் வென்றார். நீதிமன்றம் போய் 1969இல் என்பிஏவை இணக்கத்துக்கு வரவைத்த பிறகே அங்கே ஆடினார்.

ரோஜர் பிரவுன் டேட்டனில் ஒரு மோட்டார் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இண்டியானா பேசர்ஸ் தொடங்கப்பட்டபோது முதன்முதலில் ஒப்பந்தம் செய்துகொண்ட ஆட்டக்காரர் அவர்தான். 1970 இறுதிச் சுற்றின் கடைசி மூன்று ஆட்டங்களில் அவர் குவித்த புள்ளிகள் 53, 39, 45. இறுதிச் சுற்றில் தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் இப்படி ஆடியவர்களை எந்த லீக்கிலும் விரல்விட்டு எண்ணலாம். இண்டியானாவின் மூன்று பட்டங்களிலும் அவர் இருந்தார். 1997இல் இறந்தார். 2013இல் கூடைப்பந்துப் புகழ்மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது; அந்த மண்டபம் என்பிஏவின் சொத்து அல்ல. என்பிஏ ஏட்டைப் புரட்டினால் ரோஜர் பிரவுனின் பெயரில் ஒரு புள்ளிகூட இருக்காது, ஏனெனில் அவர் அங்கே ஓர் ஆட்டமும் ஆடவில்லை. ஆட விடவில்லை என்று சொல்வதுதான் பொருத்தம்.

தரம் குறைந்த லீக் என்பதுதான் ஏபிஏ மீது வழக்கமாகச் சொல்லப்படும் குறை. முதல் ஓரிரு ஆண்டுகளுக்கு அது பொருந்தலாம். ஆனால் 1971 முதல் 1975 வரை இரு லீக்குகளின் குழுக்களும் பருவத்துக்கு முன் நட்புமுறை ஆட்டங்களில் மோதியபோது ஏபிஏ 79 ஆட்டங்களிலும் என்பிஏ 76 ஆட்டங்களிலும் வென்றன. நட்புமுறை ஆட்டங்கள்தானே என்று தள்ளிவிட்டாலும், இணைப்புக்குப் பிறகு நடந்ததைத் தள்ள முடியாது. 1977 என்பிஏ இறுதிச் சுற்றில் போர்ட்லண்டும் ஃபிலடெல்ஃபியாவும் மோதின. இரு குழுக்களின் முதல் ஐவர், ஆக மொத்தம் பத்துப் பேரில் ஐந்து பேர் ஏபிஏவில் ஆடியவர்கள். ஒரு கோடை விடுமுறைக்குள் தரம் வானத்திலிருந்து இறங்கிவிடாது அல்லவா?

அந்த இணைப்பு நடந்த விதமே ஒரு கதை. 1976 ஜூன் மாதம் டென்வர், இண்டியானா, சான் அன்டோனியோ, நியூயார்க் நெட்ஸ் ஆகிய நான்கு குழுக்கள் தலைக்கு 3.2 மில்லியன் அமெரிக்க வெள்ளி நுழைவுக் கட்டணம் கட்டி உள்ளே வந்தன. நெட்ஸ் குழுவின் நிலைமை இன்னும் மோசம். நியூயார்க்கில் ஏற்கனவே நிக்ஸ் குழு இருந்ததால், "எங்கள் எல்லைக்குள் வந்துவிட்டீர்கள்" என்று கூறி அக்குழுவுக்குக் கூடுதலாக 4.8 மில்லியன் கொடுக்கச் சொன்னார்கள். நெட்ஸ் அப்போதுதான் ஏபிஏவின் கடைசிப் பட்டத்தை வென்றிருந்தது. கட்டணத்தைச் சமாளிக்க அந்தப் பட்டத்தைப் பெற்றுத் தந்த எர்விங்கையே ஃபிலடெல்ஃபியாவுக்கு விற்றது. அடுத்த பருவத்தில் 22 வெற்றி, 60 தோல்வி. வெற்றியாளராக வந்தவர்களை வாசலிலேயே உரித்தெடுத்துவிட்டு, பிறகு "உங்களுக்குப் பட்டமே இல்லையே" என்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

கென்டக்கி கர்னல்ஸ் 1975இன் வெற்றியாளர். அதன் உரிமையாளர் ஜான் ஒய். பிரவுன், கென்டக்கி வறுத்த கோழியை வாங்கி ஊரெங்கும் பரப்பியவர், பின்னாளில் அம்மாநில ஆளுநரும் ஆனார். அவர் 3 மில்லியன் வாங்கிக்கொண்டு குழுவை மூடிவிட்டார். செயின்ட் லூயிஸ் குழுவின் உரிமையாளர்களான சில்னா சகோதரர்கள் அவரைவிடக் கெட்டிக்காரர்கள். ரொக்கமாக 2.2 மில்லியனை வாங்கிக்கொண்டதோடு, உள்ளே போன நான்கு குழுக்களின் தொலைக்காட்சி வருமானத்தில் ஏழில் ஒரு பங்கை நிரந்தரமாகக் கேட்டார்கள். தொலைக்காட்சிப் பணம் அந்நாளில் சொற்பம் என்பதால் சரி என்றார்கள். 2014க்குள் சகோதரர்களுக்குப் போன தொகை ஏறத்தாழ 300 மில்லியன். அந்த ஆண்டில் பெரும்பாலான உரிமையைத் திரும்ப வாங்க லீக் கொடுத்தது இன்னொரு 500 மில்லியன். இந்தத் தொகைகளை மனதில் வைத்திருங்கள்.

மூடப்பட்டுவிட்ட குழுக்களின் பட்டங்களை எப்படிச் சேர்ப்பது என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் 1948இன் வெற்றியாளரான பால்டிமோர் புல்லட்ஸ் 1954இல் கலைந்துபோன குழு. இப்போது அதே பெயர் வழியில் வந்ததாகத் தோன்றும் குழுவுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இருந்தும் 1948க்கு எதிரே அதன் பெயர் ஒழுங்காக அச்சாகிறது. பால்டிமோருக்கு உள்ள இடம் கென்டக்கிக்கு ஏன் இல்லை? ஏட்டை மாற்ற முடியாது என்பதும் சரியல்ல. 2002இல் சார்லட் நகரிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குப் போன ஹார்னெட்ஸ் குழுவின் பழைய வரலாற்றை 2014இல் லீக்கே எடுத்து, சார்லட்டின் புதிய குழுவுக்குத் திருப்பிக் கொடுத்தது. மனமிருந்தபோது ஏடு திருத்தப்பட்டது.

ஒரே ஆண்டில் இரண்டு வெற்றியாளர்கள் வந்துவிடுவார்களே என்பது இன்னொரு தயக்கம். வரட்டுமே! 1968 முதல் 1976 வரை அமெரிக்காவில் இரண்டு லீக்குகள் நடந்தன, இரண்டு வெற்றியாளர்கள் இருந்தார்கள். அதை அப்படியே இரண்டு பத்தியாக அச்சிடுவதில் என்ன சிக்கல்? குழுக்களின் எண்ணிக்கை குறைவு என்பவர்களுக்கு, நான் முன்பு நினைவில் வைக்கச் சொன்ன 8 குழுக்களைக் காட்டுவேன். ரசலின் பட்டங்களை அதற்காக யாரும் குறைத்து மதிப்பிடவில்லை, மதிப்பிடவும் கூடாது.

அமெரிக்கர்களுக்கு இதில் ஒரு முன்மாதிரியும் இருக்கிறது. அவர்களுடைய அடிபந்துத் தலைமை அமைப்பு, 1920 முதல் 1948 வரை நடந்த கறுப்பின லீக்குகளும் முதல்தர லீக்குகளே என்று 2020 டிசம்பரில் அறிவித்தது. 2024 மே மாதம் அந்த ஆட்டக்காரர்களின் புள்ளிவிவரங்களை அதிகாரபூர்வ ஏட்டில் சேர்த்தது. டை காப்பின் நெடுங்காலச் சாதனையான .367 சராசரிக்கு மேல், ஜாஷ் கிப்சனின் .372 ஏறி அமர்ந்தது. கிப்சன் 1947இலேயே இறந்துவிட்டார். நூறாண்டுப் பழைமையைப் பெரிதாகப் பேசும் அடிபந்துக்காரர்களே முதலிடத்தை மாற்றி எழுதியிருக்கும்போது, தன்னை நவீனமானதென்று சொல்லிக்கொள்ளும் என்பிஏ தயங்குவது ஏன்?

என்னைக் கேட்டால் ஏபிஏவின் 9, என்பிஎல்லின் 12 இரண்டையும் சேர்க்கச் சொல்வேன். ரெனசான்ஸ் வென்ற 1939 போட்டி ஒரு லீக் அல்ல. அதைத் தனியாகக் கௌரவிக்கலாம். எதை முதலில் செய்வது என்றால் ஏபிஏதான். காரணம், அதில் ஆடியவர்களில் சிலராவது இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களுக்கு வயிறும் மருத்துவச் செலவும் இருக்கின்றன.

என்பிஏ ஆட்டக்காரர்களுக்கு ஓய்வூதியம் சும்மா கிடைத்துவிடவில்லை. 1964 ஜனவரியில் பாஸ்டனில் நட்சத்திரங்களின் ஆட்டம் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாக இருந்தது. ஓய்வூதியத்துக்கு உறுதி தரும்வரை ஆடமாட்டோம் என்று ரசல், ஆஸ்கர் ராபர்ட்சன், ஜெர்ரி வெஸ்ட் உள்ளிட்டோர் உடைமாற்றும் அறையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். உறுதி வந்த பிறகே வெளியே வந்தார்கள். அந்தப் பாதுகாப்பு ஏபிஏவில் மட்டும் ஆடியவர்களுக்கு நீளவில்லை. "உங்கள் லீக் வேறு" என்ற ஒரே பதில். பட்டியலில் பெயர் இல்லாததன் விலை இதுதான். முதுமையில் வாடகைக்கும் பல் சிகிச்சைக்கும் திண்டாடிய முன்னாள் ஆட்டக்காரர்களுக்காக, டிராப்பிங் டைம்ஸ் என்ற அறக்கட்டளை இண்டியானாபொலிஸ் நகரிலிருந்து ஆண்டுக்கணக்கில் வாதாடியது.

2022 ஜூலையில் என்பிஏவும் ஆட்டக்காரர் சங்கமும் இறங்கி வந்தன. குறைந்தது மூன்று ஆண்டு ஆடிய ஏறத்தாழ 115 பேருக்கு 24.5 மில்லியன் வெள்ளி ஒதுக்கப்பட்டது. ஆடிய ஒவ்வோர் ஆண்டுக்கும் சராசரியாக வருடத்துக்கு 3,828 வெள்ளி. ஐந்து ஆண்டு ஆடியவருக்கு வருடம் ஏறக்குறைய 19,000. ஒரு பந்தையும் தொடாத சகோதரர்கள் இருவருக்கு 800 மில்லியன். முழங்கால் தேய ஆடிய 115 பேருக்கு 24.5 மில்லியன். வந்தவரை நல்லது என்று சிலர் சொல்வார்கள். நானும் அதைக் குறை சொல்லவில்லை, தாமதத்தைத்தான் சொல்கிறேன். இணைப்புக்கும் இந்த அறிவிப்புக்கும் இடையே 46 ஆண்டுகள்.

அந்தத் தொகையை ஓய்வூதியம் என்று அழைக்க லீக் விரும்பவில்லை. அதற்குச் சூட்டிய பெயர் 'அங்கீகாரத் தொகை'. அங்கீகாரம் என்ற சொல்லை அவர்களே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அச்சிட வேண்டிய ஒன்பது வரிகள் இவை: 1968 பிட்ஸ்பர்க் பைப்பர்ஸ். 1969 ஓக்லண்ட் ஓக்ஸ். 1970 இண்டியானா பேசர்ஸ். 1971 யூட்டா ஸ்டார்ஸ். 1972 இண்டியானா பேசர்ஸ். 1973 இண்டியானா பேசர்ஸ். 1974 நியூயார்க் நெட்ஸ். 1975 கென்டக்கி கர்னல்ஸ். 1976 நியூயார்க் நெட்ஸ்.